யானை மேல் போன போர்வை

கூதல்மலை என்றொரு மலை. அதன் அடிவாரத்தில் ஒரு சின்ன நாடு. அந்த நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். உப்பு மாட்டு முதுகில் ஏறி மலை கடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வில்லவராயன் நல்ல ராஜாதான். வழக்கென்று போனால் இரண்டு பக்கமும் கேட்பார். பஞ்சம் வந்தால் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். அவரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. யாராவது ஒரு வேலையை நன்றாகச் செய்வதைப் பார்த்துவிட்டால் உடனே அதற்கு ஒரு பரிசு அறிவித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நேராக ஏர் ஓட்டியவனுக்குப் பரிசு. பெரிதாக மீசை வளர்த்தவனுக்குப் பரிசு. ஒருமுறை சபையில் சத்தமாகத் தும்மிய காவலாளிக்கும் பரிசு கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தக் குறை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

அந்த நாட்டில் ஊடையூர் என்று ஒரு நெசவாளர் ஊர். அந்த ஊர்க்காரர்களில் நாற்பது பேர் நெசவை விட்டு உப்புப் பொதி ஓட்டப் போனவர்கள். மழைக்காலம் முடிந்து மலைப்பாதை திறந்ததும், மார்கழி முதல் நாள் மாடுகளில் உப்பேற்றிக்கொண்டு புறப்படுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சனங்களுக்கு அந்த உப்பை விட்டால் வேறு உப்பு கிடையாது. மலை உச்சியைக் கடக்க மூன்று இரவுகள் ஆகும். அங்கே மார்கழியில் தண்ணீர் குடத்துக்குள்ளேயே கல்லாகிவிடும். முந்தின வருடம் நாற்பது பேர் போனார்கள். முப்பத்தேழு பேர்தான் வந்தார்கள். குளிரில் விறைத்துப்போன மூன்று பேரில் ஒருவன் பாவாயி என்பவளின் புருஷன். இந்த வருடம் அவனுடைய மாட்டை ஓட்ட வெள்ளையன் என்ற இளைஞன் ஒப்புக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளையனின் அக்காள்தான் சிவந்தி. நம் கதை இவளைப் பற்றியதுதான்.

சிவந்திக்குத் தாய் தகப்பன் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தம்பி மலைக்குப் போகப்போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. மூன்று நாள் அழுதாள். மூன்று நாள் அவனைத் திட்டினாள். ஏழாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஊர்ப் பெண்களை எல்லாம் பாவடிக்குக் கூப்பிட்டாள். பாவடி என்பது நெசவாளர்கள் மரநிழலில் பாவு நூலை நீட்டிக் கட்டும் நீளமான திடல்.

"எல்லார் வீட்லயும் துண்டுத்துணி சும்மா கெடக்கு. ஏரிக்கரையில இலவம்பஞ்சு காத்துல பறந்து வீணாப் போவுது. நாப்பது போர்வை போட்டுக் குடுப்போம். போன வருசம் மாதிரி இந்த வருசம் ஆகக்கூடாது" என்றாள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பாவாயியைப் பார்த்தார்கள். அன்றைக்கே முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

போர்வை போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. துண்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று மூட்டினால் மேல்துணி ஆயிற்று. பழைய வேட்டி ஒன்று அடித்துணி. நடுவில் நான்கு விரல் கனத்துக்கு இலவம்பஞ்சு. ஆனால் இலவம்பஞ்சு இருக்கிறதே, அது ஓரிடத்தில் இருக்காது. கட்டிப்போடாவிட்டால் ஒரு மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். போர்வை முழுக்கத் தையல் போட்டு அதை நிறுத்தலாம். அதற்கு ஒரு போர்வைக்கு ஒரு மாதம் ஆகும். அதனால் முடிச்சுப் போட்டார்கள். சாணுக்கு ஒரு முடிச்சு. மேலிருந்து கீழே ஒரு குத்து, கீழிருந்து மேலே ஒரு குத்து, இழுத்து இரண்டு சுற்று, அவ்வளவுதான்.

இதை அவர்கள் செய்த விதம் இப்படி. போர்வையை இடுப்பு உயர மூங்கில் சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். சிலர் சட்டத்தைச் சுற்றி நிற்பார்கள். சிலர் சட்டத்துக்குக் கீழே உட்காருவார்கள். மேலே நிற்பவள் கோணி ஊசியைக் கீழே குத்துவாள். கீழே இருப்பவள் அதை வாங்கி அரை விரல் தள்ளி மேலே அனுப்புவாள். மேலே இருப்பவள் முடிச்சுப் போடுவாள்.

சிவந்தி எப்போதும் மேலே. ஊரிலேயே வேகமான கை அவளுடையது என்று அவள் சட்டத்தில் முடிச்சு முழுவதையும் அவளிடமே விட்டுவிட்டார்கள். பாவாயி எப்போதும் கீழே. புருஷன் போனதிலிருந்து அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். சட்டத்துக்குக் கீழே இருந்தால் யாரும் உச்சுக் கொட்ட மாட்டார்கள் என்று அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஊசி போகும், ஊசி வரும். சிவந்தி எங்கே குத்தப்போகிறாள் என்று பாவாயிக்குத் தெரியும். பாவாயி எப்போது அனுப்புவாள் என்று சிவந்திக்குத் தெரியும்.

மூன்று சட்டம். ஒரு நாளைக்கு மூன்று போர்வை. எட்டு நாளில் இருபத்துநான்கு போர்வை மடித்து அடுக்கியாயிற்று. இன்னும் பதினாறுதான் பாக்கி. மார்கழி பிறக்கப் பதினைந்து நாள் இருந்தது. ஆறு நாளில் முடித்துவிட்டுச் சாவகாசமாகக் கோலமாவு இடிக்கலாம் என்று பெண்கள் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ராஜா அந்த வழியாக வந்தார்.

குதிரையிலிருந்து இறங்கினார். மூன்று சட்டத்தையும் சுற்றிப் பார்த்தார். ஒரு போர்வையைத் தோளில் போட்டுப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் அடுத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியுமே. "இதற்குப் பரிசு கொடுக்காவிட்டால் நான் ராஜாவே இல்லை. இந்தப் போர்வைகளில் எது மிகச் சிறந்ததோ அதைச் செய்தவரைப் பட்டத்து யானை மேல் ஏற்றி நான்கு வீதியும் ஊர்வலம் விடுவேன். மார்கழிக்கு மூன்று நாள் முன்பு வந்து நானே பார்ப்பேன். இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவருக்கு இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கியிருக்கும்.

ஊடையூருக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பாவடிக்கு வந்த பெண்களில் யாருக்கும் சட்டத்துக்குக் கீழே உட்கார மனம் வரவில்லை. கீழே இருப்பவளின் கையை யார் பார்க்கப்போகிறார்கள்? எல்லோரும் மேலே நின்றார்கள். ஊசி கீழே போயிற்று, திரும்பி வரவில்லை. அன்றைக்கு ஒரு போர்வைகூட முடியவில்லை. இரண்டாம் நாள், இந்தப் போர்வை யாருடைய கணக்கில் சேரும் என்று பேச்சு வந்தது. மூட்டியவள் தன்னுடையது என்றாள். பஞ்சு வைத்தவள் தன்னுடையது என்றாள். மூன்றாம் நாள் பாவடிக்கு யாரும் வரவில்லை. ஆளுக்கு ஒரு கட்டுத் துணியும் ஒரு கூடைப் பஞ்சும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சிவந்தியும் சாத்திக்கொண்டாள். இந்த வேலையை ஆரம்பித்தவள் அவளாயிற்றே, அவளாவது யோசித்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். யானை மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் இது தெரியாது, உட்காராதவர்களுக்கும் தெரியாது; உட்காரலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் தரையில் நிற்பது கஷ்டம். பிறந்ததிலிருந்து சிவந்தியை யாரும் நின்று பார்த்ததில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊர் முழுக்க அண்ணாந்து தன்னைப் பார்க்கட்டுமே என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தது தப்பில்லை. அது வந்த நேரம்தான் தப்பு.

கல்யாணப் பட்டு நெய்ததில் மிஞ்சிய துண்டுகளைத் தேடி எடுத்தாள். எட்டு இதழில் ஒரு தாமரை வெட்டி, சிவப்பும் ரோஜா நிறமுமாக மேல்துணியில் பதித்தாள். அப்படி ஒரு வேலையை அந்த ஊர் பார்த்ததில்லை. அது உண்மை.

அடுத்தது முடிச்சு. வீட்டில் சட்டத்துக்குக் கீழே யாரும் இல்லை. மேலிருந்து குத்திவிட்டுக் குனிந்து கீழே போனாள், ஊசியை அனுப்பினாள், எழுந்து மேலே வந்தாள். ஒரு முடிச்சுக்கு ஒரு குட்டிக்கரணம். ஓரம் முழுவதும் அப்படியே போட்டு முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. நடுவில் வந்தால் தாமரை. பட்டு இதழில் கோணி ஊசியைக் குத்தி முடிச்சுப் போட்டால் பூவில் புழு அரித்த மாதிரி இருக்கும். சிவந்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். ஓரத்தில்தான் நிறைய இருக்கிறதே, நடுவில் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அவள் வீட்டுச் சன்னலிலிருந்து பாவடி தெரியும். முதல் நாள் சன்னல் வழியாகப் பார்த்தபோது, காலியாகக் கிடந்த சட்டத்துக்குக் கீழே பாவாயி உட்கார்ந்திருந்தாள். போர்வை கட்டி, ஊசியில் நூல் கோத்து, மேலே யாராவது வருவார்களா என்று காத்திருந்தாள். சிவந்தி சன்னலை விட்டு வந்துவிட்டாள். இரண்டாம் நாளும் பாவாயி அங்கேயே இருந்தாள். சிவந்தி சன்னலில் ஒரு துணியைத் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் துணியை விலக்கிப் பார்த்தாள். பாவாயி தானே கீழிருந்து மேலே குத்தி, தானே ஊர்ந்து வெளியே வந்து, தானே முடிச்சுப் போட்டு, மறுபடி கீழே போய்க்கொண்டிருந்தாள். சிவந்தி அதன் பிறகு சன்னல் பக்கமே போகவில்லை.

ராஜா சொன்ன நாளும் வந்தது. முந்தின நாள் வெள்ளையன் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தான். தாமரையைப் பார்த்து வாயைப் பிளந்தான். பிறகு கேட்டான்: "நாப்பது பேரு போறோம்க்கா. நாப்பது ஆச்சா?"

சிவந்தி தாமரையின் ஒரு இதழை நீவிவிட்டாள். அவள் எண்ணிப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பாவடியில் பந்தல் போட்டிருந்தார்கள். பட்டத்து யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் பிரிந்துபோன பிறகு செய்த போர்வைகள் ஒன்பதே ஒன்பது. மற்றவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். அந்த ஒன்பதில் எட்டு, போட்டிக்கு வந்தவை. ஒன்றில் மயில், ஒன்றில் தேர், ஒன்றில் ராஜாவின் மீசைகூட இருந்தது. ஒன்பதாவது பாவாயியுடையது. அதை அவள் போட்டிக்கு வைக்காமல், பழைய இருபத்துநான்கின் மேல் மடித்து வைத்துவிட்டாள்.

ராஜா மயிலைப் பார்த்தார். தேரைப் பார்த்தார். மீசையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். தாமரைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். "யாருடையது?" என்றார். சிவந்தி முன்னே வந்தாள். யானைப்பாகன் ஏணியைச் சாய்க்கத் தயாரானான்.

அப்போது பொதிக்காரர்களின் தலைவன் நல்லாண்டி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். முந்தின வருடம் மூன்று பேரையும் மலையில் கல் மூடிப் புதைத்துவிட்டு வந்தவன் அவன். "மகாராசா, போத்திக்கப் போறவங்க நாங்க. ஒருதரம் நாங்களும் பாத்துக்கலாமா?" என்றான். ராஜாவும் தலையசைத்தார்.

நல்லாண்டி எட்டுப் போர்வைகளையும் சுருட்டி, பழைய அடுக்கின் நடுவிலிருந்து கைக்கு வந்த ஒன்றையும் சேர்த்து, மலைக்குக் கொண்டுபோவது போலவே மாட்டு முதுகில் கட்டினான். ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினான். மாடு நடந்தது, குலுங்கியது, ஒரு சுற்றில் கொஞ்சம் ஓடவும் செய்தது. திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாக விரித்து, கிழக்குப் பக்கம் கட்டிய கயிற்றில் வெயிலுக்கு எதிராகத் தொங்கவிட்டான்.

மயிலின் வயிற்றில் வெயில் தெரிந்தது. தேரின் சக்கரத்தில் வெயில் தெரிந்தது. தாமரையில்தான் மிக நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில் எல்லாப் பஞ்சும் உருண்டு சுருண்டு கிடக்க, நடுவில் ஒரு துளிப் பஞ்சு இல்லாமல், எட்டு இதழும் வெயிலில் விளக்கு மாதிரி எரிந்தன. அவ்வளவு அழகாக இருந்தது. நெஞ்சுக்கு நேராக வரும் இடம் அது.

சிவந்தி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பின்னால் நின்றிருந்த தம்பியின் நிழல் பட்டுத்துணி வழியாக அவளுக்குத் தெரிந்தது.

கடைசியாகப் பழைய போர்வையைத் தொங்கவிட்டார்கள். அதில் பூவும் இல்லை, புள்ளும் இல்லை. கந்தல் சதுரங்களும் சாணுக்கொரு முடிச்சும்தான். வெயில் ஓரிடத்தில்கூட உள்ளே வரவில்லை.

"இதுதான் சிறந்தது. இதைச் செய்தது யார்?" என்று ராஜா கேட்டார்.

நல்லாண்டி முடிச்சுகளைத் தடவிப் பார்த்தான். கூட்டத்தில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, அது சிவந்தியின் முடிச்சு, அவள்தான் இப்படி இடக்கைப் பக்கமாகச் சுற்றுவாள் என்று சொன்னாள். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். உண்மையும் அதுதான். முடிச்சுகள் அத்தனையும் சிவந்தியுடையவை. யானைப்பாகன் மறுபடி ஏணியைத் தூக்கினான்.

இப்போது பாருங்கள், அவள் ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை.

ராஜா கேட்டார்: "அம்மா, இது நீ செய்ததா?"

சிவந்தி சொன்னாள்: "இல்லீங்க மகாராசா. நான் தனியா செஞ்சது அந்தத் தாமரை. அதுல என் தம்பி செத்துப்போயிருப்பான். இதுல நான் ஊசியக் கீழ குத்துனேன், அம்புட்டுத்தான். அதை மேல அனுப்புன கை இன்னொருத்தரோடது. பக்கத்துலதான் எட்டு நாள் இருந்தேன், அந்தக் கையை நான் ஒருதரம்கூடப் பாத்ததில்ல."

அவள் போய்ப் பாவாயியின் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினாள். விரல் நுனி ஐந்திலும் ஊசி குத்திய தழும்பு. பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் உச்சுக் கொட்டவில்லை.

ராஜாவுக்குச் சங்கடமாகிவிட்டது. வாக்குக் கொடுத்தாயிற்று, யானையும் வந்தாயிற்று. மூட்டியவர், பஞ்சு வைத்தவர், குத்தியவர், வாங்கியவர் என்று முப்பது பேரையும் ஏற்றினால் யானை என்ன ஆகும்? அவர் தாடியைச் சொறிந்தார்.

சிவந்தியே வழி சொன்னாள். "செஞ்சவங்க நடந்தே போவோம். போர்வை யானை மேல போகட்டும், நாலு வீதிக்கு மட்டும் இல்ல, மலையடிவாரம் வரைக்கும். ஆனா இப்ப முப்பத்துமூணுதான் இருக்கு. அதுல எட்டு ஒண்ணுக்கும் ஆகாது. மூணு நாள் எங்களுக்கு விடுங்க. யாரும் பேரு கேக்காம இருந்தா நாப்பதும் ஆயிடும்."

ராஜா முதல்முறையாக ஒரு நல்ல காரியத்தைப் பார்த்துவிட்டுப் பரிசு அறிவிக்காமல் இருந்தார். அதற்குப் பதிலாக அரண்மனையிலிருந்து இன்னும் இரண்டு சட்டம் கொண்டுவரச் சொன்னார்.

அந்த மூன்று நாளும் பாவடியில் வேலை நடந்தது. எட்டுப் போர்வைகளையும் பிரித்துப் பஞ்சைப் பரப்பி, மயிலின் மேலும் தேரின் மேலும் சாணுக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். தாமரையின் நடுவில் முதல் குத்தைக் குத்தியவள் சிவந்திதான். பட்டு 'சரக்' என்று கிழிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. ஊசி கீழே போயிற்று. கணக்காக அரை விரல் தள்ளி மேலே வந்தது. பாக்கி ஏழு போர்வைகளைப் புதிதாகப் போட்டார்கள். ஆள் போதவில்லை என்று மூன்றாம் நாள் ராஜாவே ஒரு சட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார். ஊசி வந்த திசை தெரியாமல் ஏழு இடத்தில் குத்து வாங்கினார். யாரும் அவருக்குப் பரிசு கொடுக்கவில்லை.

மார்கழி முதல் நாள் பட்டத்து யானை நாற்பது போர்வைகளைச் சுமந்து நான்கு வீதியும் வந்தது. ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. எந்தப் போர்வை யாருடையது என்று கீழேயிருந்து பார்த்த யாருக்கும் தெரியவில்லை. சிவந்தியும் பாவாயியும் யானைக்குப் பின்னால் புழுதியில் நடந்து மலையடிவாரம் வரை போனார்கள்.

பிறகு மார்கழியும் தையும் முழுக்கக் காத்திருந்தார்கள். அந்த வருடக் குளிரில் ஊடையூர் ஏரியின் ஓரத்திலேயே ஒருநாள் தண்ணீர் உறைந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

மாசி பிறந்த மூன்றாம் நாள் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. சிவந்தி பாவடியில் நின்று எண்ணினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று பாவாயியும் எண்ணினாள். பத்து, இருபது, முப்பது. முப்பத்தேழு வந்ததும் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. கடைசியாக ஒரு மாடு, அதன் பக்கத்தில் கந்தல் சதுரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளையன்.

நாற்பது பேர் போனார்கள். நாற்பது பேர் வந்தார்கள்.

தாமரை யாருக்குப் போயிற்று என்று அக்காள் கேட்டாள். மலை உச்சியில் இருட்டில் எல்லாம் ஒரே போர்வையாகத்தான் இருந்தது, யார் எதைப் போர்த்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றான் தம்பி. பாவாயி அதைக் கேட்டுச் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

ஆகவே சின்னவர்களே, பெரியவர்களே, கதையின் நீதி இதுதான்: பிறருக்கென்று பலர் சேர்ந்து செய்யும் உதவியில் இது யாருடைய கை என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினால், அந்த உதவி உரியவர்களுக்குப் போய்ச் சேராது.